எத்தனை வாரம் வருவீங்க?

மலேசியாவில் தமிழ் மாணவராக வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. தன்முனைப்பு முகாம். மாலை ஐந்து மணி. மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். ஒலிபெருக்கியில் ஓர் அம்மா பாட்டு ஓடும். "கண்ண மூடுங்க. அம்மாவ நினைச்சுப் பாருங்க. காலைல உங்கள அனுப்பி வச்சாங்களே, நீங்க வீட்டுக்குப் போறப்ப அவங்க இல்லைனா?" என்று பேச்சாளரின் குரல் தழுதழுக்கும். முதல் வரிசையில் ஒரு பிள்ளை விசும்பும். அது வரிசை வரிசையாகப் பரவும். பத்து நிமிடத்தில் மண்டபமே அழும். விளக்கைப் போட்டதும், "இனிமே நல்லா படிப்பீங்களா?" என்று கேட்பார். "படிப்போம்!" கைத்தட்டல், குழுப்படம், நாசி லெமாக் பொட்டலம், பேருந்து.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அப்படி ஒரு முகாமுக்கு நான் ஏற்பாட்டுக் குழுத் தலைவன். விளக்கை அணைத்தவன் நான்தான்.

அன்று படிவம் ஒன்று படிக்கும் ஒரு பெண் விளக்கைப் போட்ட பிறகும் அழுகையை நிறுத்தவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் அதை நல்ல படமாக எடுத்திருந்தார். நான் அதை முகநூலில் போட்டேன். 'மாற்றத்தின் முதல் துளி' என்று தலைப்பும் வைத்தேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. மறுநாள் காலை அந்தப் பள்ளி ஆசிரியர் அழைத்தார். அந்தப் பெண்ணின் அம்மா இறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. படத்தை எடுத்துவிடச் சொல்லிப் பாட்டி கேட்கிறார். உடனே எடுத்துவிட்டேன். ஆனால் நிகழ்ச்சி அறிக்கையின் அட்டையில் அதே படம் அச்சாகி, மாணவர் நலப் பிரிவுக்குப் போய்விட்டது. அறிக்கைக்குப் பாராட்டும் கிடைத்தது. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. விடுதியில் அடுத்த ஆண்டு இடம் பிடிக்க அந்தப் புள்ளிகள் உதவின. ஒரு தாயில்லாப் பிள்ளையின் அழுகையில் எனக்கு ஓர் அறை கிடைத்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். முழுப் பொய் இல்லை.

நம் மாணவர் அமைப்புகள் 'தொண்டு' என்ற பெயரில் செய்யும் ஒருநாள் கூத்துகளுக்கு எதிராக எழுதுகிறேன். அந்தக் கூத்தில் வேஷம் கட்டியவன் என்பதால் எனக்கு அதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு மாணவன் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே இதுதான்: மற்றவர்களுக்காக எதையாவது செய்தால் அதற்குத் தாள் வேண்டும். நிகழ்ச்சி என்று புலனக் குழுவில் அறிவித்ததும் வருகிற முதல் கேள்வி, "சிஜில் இருக்கா?" இரண்டாவது, "டிசட்டு ஃப்ரீயா?" கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உபகாரச் சம்பள நேர்காணலில் அந்தத் தாளைத்தான் கேட்கிறார்கள். கேட்பவனும் கொடுப்பவனும் சேர்ந்து நடத்தும் இந்த வியாபாரத்தில், நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

"ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுக்கு இது பரவாயில்லையே, பிரதர்?" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை இல்லை. அந்த முகாம் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறது. நீ தோற்பது நீ முயலாததால். உனக்கு அம்மா மேல் பாசம் இருந்தால் கணக்கு வரும் என்கிறது. 124 ரிங்கிட் வாடகை கொடுக்கும் மக்கள் குடியிருப்பு வீட்டில், ஆறு பேர் நடுவே, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையிடம் உனக்குத் தன்முனைப்பு இல்லை என்று சொல்வது எவ்வளவு வசதியான பொய்! அந்த ஒரு வாக்கியத்தில் பள்ளி, அரசாங்கம், நாம் எல்லாரும் தப்பித்துக்கொள்கிறோம். குற்றவாளிக் கூண்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளை மட்டும் நிற்கும்.

படம் விவகாரத்துக்குப் பிறகு அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "வீட்டுக்கெல்லாம் போகாதீங்க. மன்னிப்புக் கேக்கறேன்னு போய் திரும்ப அழ வைப்பீங்க. அந்த ஃப்ளாட்டுக்குப் பின்னால கோயில் மண்டபத்துல ரிட்டையர்டு டீச்சர் ஒருத்தங்க சனிக்கிழமை வகுப்பு நடத்தறாங்க. அந்தப் பிள்ளை அங்க வரும். முடிஞ்சா அங்க போயி ஏதாச்சும் செய்யுங்க" என்றார்.

போனேன். எழுபதை நெருங்கும் டீச்சர். என் பல்கலைக்கழகம், பதவி, அனுபவம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை வாரம் வருவீங்க?"

"இந்த செமஸ்டர் முழுக்க வர்றேன் டீச்சர்."

"பதினாலு வாரம். சரி தம்பி. பதினஞ்சாவது வாரம் பசங்க உங்களக் கேட்டா நான் என்னா சொல்லணும்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க."

சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் மாதம் எனக்குப் பாடம் நடத்தும் வேலையே தரவில்லை. நாற்காலி அடுக்க வேண்டும், பென்சில் சீவ வேண்டும், வருகைப் பதிவேடு எழுத வேண்டும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அழைத்துக் கேட்க வேண்டும். கணக்கியல் மாணவன், ஏற்பாட்டுக் குழுத் தலைவன், பென்சில் சீவுகிறேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் பதினொரு பிள்ளைகளின் பெயரும், யார் பசியோடு வருகிறார்கள் என்பதும், யாருக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதும் எனக்குத் தெரிந்துபோனது. என் முகாமில் கலந்துகொண்ட ஒரு பிள்ளையின் பெயரைக் கூட அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இரண்டாம் மாதம் ஒரு பையனை என்னிடம் ஒப்படைத்தார். படிவம் ஒன்று. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். மூன்று வாரம் கழித்து அவனைப் பற்றி எழுதச் சொன்னபோது, 'சோம்பேறி. கேள்வியை வாசிக்காமல் பதில் எழுதுகிறான்' என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அந்தத் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "சோம்பேறின்னு எழுத பல்கலைக்கழகம் போகணுமா? அவன் என்னா தப்புப் பண்றான்னு பாத்துட்டு வாங்க."

பார்த்தேன். ஒரு கடையில் 240 முட்டைகள், 15 விழுக்காடு உடைந்துவிட்டன, மீதம் எத்தனை? கேள்வி மலாயில் இருந்தது. பையன் கடகடவென்று வாசித்தான், உச்சரிப்பில் குறையே இல்லை. வாசித்துவிட்டு 15-ஐ மேலே போட்டு, 240-ஐக் கீழே போட்டு, நடுவே ஒரு கோடு கிழித்தான். எப்போதும் செய்வதுதான். ஏன் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"இங்க 'பெச்சா'ன்னு போட்டிருக்குண்ணா. பின்னம்தானே?"

மலாயில் 'பெச்சா' என்றால் உடைவது. 'பெச்சாஹான்' என்றால் பின்னம். கணக்குப் பாடத்தில் 'பெச்சாஹான்' என்றால் பின்னம் என்று அவன் ஒழுங்காக மனப்பாடம் செய்திருந்தான். முட்டை உடைந்த கணக்கில் அந்தச் சொல்லின் வேரைப் பார்த்ததும் பின்னம் போட்டுவிட்டான். கேள்வியின் கடைசியில் இருந்த 'பாக்கி' மட்டும் அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ஏனென்றால் அது மளிகைக் கடைப் பாக்கி; நம் ஊரிலும் அதே சொல்தான். அதே கணக்கைத் தமிழில் சொன்னேன். 36 உடைந்தது, 204 மீதம் என்று இரண்டு நிமிடத்தில் போட்டான். நான் சோம்பேறி என்று எழுதிய பையன், தனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சோம்பேறி நான்தான். மூன்று வாரம் அவன் விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்ததும் 'அதனால்தான் தமிழ்ப்பள்ளியே வேண்டாம்' என்று கிளம்பும் கூட்டம் ஒன்று உண்டு. கொஞ்சம் இருங்கள். எனக்கும் அப்படி ஒரு பெரிய முடிவு கையில் கிடைத்துவிட்ட உற்சாகம் அன்று இருந்தது. மொழிதான் காரணம், கண்டுபிடித்துவிட்டேன் என்று என் விரிவுரையாளர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "எப்படித் தெரியும்?" ஒரு பையனை வைத்து ஒரு சமூகத்துக்கு மருந்து எழுதாதே என்றார். ஒரே மாதிரியான ஐந்து கணக்குகளை மலாயில் ஒருமுறையும், இரண்டு வாரம் விட்டு எண்களை மாற்றித் தமிழில் ஒருமுறையும் கொடுத்துப் பார் என்றார்.

கொடுத்தேன். பதினொரு பேரில் இரண்டு பேர் இரண்டு மொழியிலும் சரியாகச் செய்தார்கள். நான்கு பேர் தமிழில் செய்தார்கள், மலாயில் தடுமாறினார்கள். மீதி ஐந்து பேருக்கு எந்த மொழியிலும் வரவில்லை. உட்கார வைத்துக் கேட்டபோது, அந்த ஐந்து பேருக்கும் வகுத்தலே தடுமாறியது. மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே விட்டுப்போன பாடம். என் பெரிய கண்டுபிடிப்பில் பாதிக்கு மேல் அன்றே போனது. பதினொரு பேரை வைத்துச் செய்தது ஆய்வு அல்ல, அதை யாரும் எங்கேயும் மேற்கோள் காட்ட வேண்டாம். ஆனால் எந்தப் பிள்ளைக்குச் சொல் பட்டியல் வேண்டும், எந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று அடுத்த சனிக்கிழமை எங்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேறு மருந்து. முகாமில் இரண்டு கூட்டத்துக்கும் நாங்கள் கொடுத்தது ஒரே அம்மா பாட்டு.

அதன் பிறகுதான் நூலகத்துக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன். அதுவரை பாடநூலுக்கு வெளியே நான் போனதில்லை. மலாயாவில் இந்தியர் குடியேற்றத்தைப் பற்றி கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட நூல், 1970இல் வந்த சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் இரண்டும் அரை நூற்றாண்டாக அலமாரிகளில் இருக்கின்றன. தோட்டப் பள்ளிகள் எப்படி வந்தன, யாருக்காக வந்தன, தோட்டத் துண்டாடலில் மக்கள் எப்படிச் சிதறினார்கள், நான் சனிக்கிழமை போகும் அந்த அடுக்குமாடிக்கு இவர்கள் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று மெல்ல மெல்லப் புரிந்தது. தேர்வு விஷயமும் உண்டு. 2021இல் யு.பி.எஸ்.ஆர். போனது, 2022இல் பி.டி.3 போனது. தேர்வுகள் போனதற்காக அழுபவன் அல்ல நான். ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் இந்தப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியாது என்று வெளியே சொல்ல எதுவுமில்லாத ஒரு காலத்தில் அந்த ஐந்து பேரும் படிவம் ஒன்றுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். இதெல்லாம் எந்த மாணவர் மன்றத்தின் முன்னோட்டக் கூட்டத்திலும் எங்களுக்குச் சொல்லப்பட்டதில்லை. டிசட்டு நிறத்தைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் விவாதித்திருக்கிறோம்.

நம் பல்கலைக்கழகங்களில் தொண்டு ஒரு கட்டடத்திலும் படிப்பு இன்னொரு கட்டடத்திலும் இருக்கின்றன. அதனால் தொண்டு செய்பவனுக்கு மூளை தேவைப்படுவதில்லை. படிப்பவனுக்குப் பிள்ளைகளின் முகம் தெரிவதில்லை. என்னை வளர்த்தது இரண்டுக்கும் நடுவே நான் நடந்த நடை. டீச்சர் 'என்னா தப்புன்னு பாருங்க' என்றார், விரிவுரையாளர் 'எப்படித் தெரியும்' என்றார். ஒருவர் மண்டபத்திலிருந்தும் மற்றவர் அலுவலகத்திலிருந்தும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இரண்டு பேரும் என்னைப் பாராட்டியதாக நினைவில்லை.

வழிகாட்டி என்ற சொல்லை இன்று மேடைப் பேச்சாளர்களிடம் கொடுத்துவிட்டோம். மூன்று மணி நேரத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, 'உன்னால் முடியும்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவர் எப்படி வழிகாட்டி ஆவார்? என்னால் எது முடியவில்லை என்று அவருக்குத் தெரியாதே. என் தப்பை எனக்கே காட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் வா என்று சொல்பவரைத்தான் நான் இப்போது அந்தப் பெயரால் அழைக்கிறேன்.

'அந்தக் காலம்' என்று பேசுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் இந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் படிப்புத் துறையும் அதில் தமிழின் இடமும் பேச்சாக இருந்தபோது, தமிழ் முரசு கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. சாதாரணத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் அந்த வகுப்பறையில் உட்காருவார்கள் என்று எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? எனக்குத் தெரிந்து அதுதான் தொண்டு. தான் பார்க்கப்போகாத ஒன்றுக்குக் கொடுத்த வெள்ளி அது. அந்த வெள்ளியின் வட்டியில் படித்துவிட்டு வந்த நாம் "சிஜில் இருக்கா?" என்கிறோம்.

இதை வாசிக்கும் இலக்கிய நண்பர்கள் இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். தன்முனைப்புப் பேச்சாளர்களை நக்கலடிப்பது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கொஞ்சம் நம் பக்கமும் வருவோம். தோட்டத்துப் பையனும் அடுக்குமாடிப் பெண்ணும் நம் கதைகளில் எத்தனை முறை அழுதிருக்கிறார்கள்? அவர்களில் ஒருவருக்காவது ஒரு பக்கம் வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? தமிழ்நாட்டிலிருந்து எழுத்தாளர் வந்தால் இரண்டு நாள் முகாம், குழுப்படம், முகநூலில் நெகிழ்ச்சிக் குறிப்பு. விளக்கை அணைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் இருபது ஆண்டில் நம்மை வாசிக்க இந்த நாட்டில் யார் இருப்பார்கள் என்று கவலைப்படும் கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். அந்த வாசகன் இப்போது ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில் பென்சில் சீவ ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

சரி, பதினைந்தாவது வாரம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். தேர்வு வந்தது. பிறகு விடுமுறை. பிறகு ஏதோ ஒரு சோம்பல். ஏழு வாரம் போகவில்லை. திரும்பிப் போனபோது அந்த முட்டைக் கணக்குப் பையன் இல்லை. சனிக்கிழமைகளில் கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போகிறான் என்றார் டீச்சர்.

"என்னைக் கேட்டானா டீச்சர்?"

"மூணு வாரம் கேட்டான். நீங்கதான் என்னா சொல்லணும்னு சொல்லிட்டுப் போகலையே."

நான் போயிருந்தால் அவன் வேலைக்குப் போயிருக்க மாட்டான் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் காசு தேவைப்பட்டது, போனான். என் ஏழு வாரத்துக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் அவன் கேட்டிருக்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் ஒரு கிழவியை நிறுத்திவிட்டு நான் விடுமுறையில் இருந்தேன்.

இப்போது புதன்கிழமை இரவும் மண்டபம் திறக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக. அவன் வருகிறான், சில வாரம் தூங்கி வழிந்துகொண்டே. நான் வேலை முடிந்து நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடுகிறது. அந்தப் படத்தில் இருந்த பெண் இப்போது படிவம் நான்கு. சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது அவள்தான். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா. ஆனா நான் அழுததப் பத்திப் பெருசா எழுதாதீங்க. நீங்க படம் போட்டதப் பத்தி எழுதுங்க" என்றாள். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மாணவர் மன்றத் தலைவர்களுக்கு நான்கு விஷயம். விளக்கை அணைக்காதீர்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். பத்து முகாமுக்கு ஆகும் செலவில் ஒரே இடத்துக்கு ஓர் ஆண்டு போங்கள். சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதில் நிகழ்ச்சியின் பெயருக்குப் பதிலாக எத்தனை வாரம் வந்தார் என்ற எண்ணை மட்டும் அச்சடியுங்கள். பாதிப் பேர் வாங்க வரமாட்டார்கள். மிச்சம் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் மண்டபத்துக்கு வாங்க. நாற்காலி அடுக்க ஆள் வேண்டும். டீச்சர் வாசலிலேயே ஒரு கேள்வி கேட்பார். பதிலை யோசித்துவிட்டு வாங்க.